"போர்டு போயிடுச்சு" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம்?

கேள்வி இதுதான்: 2014இல் வாங்கிய அசெம்பிள்டு டெஸ்க்டாப். ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சில நாள் பவர் போட்டால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வருவதில்லை. வந்தால் தேதி 2013 என்று காட்டுகிறது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே தானாக ஆஃப் ஆகிறது. படு ஸ்லோ. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. கடைக்காரர் "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்கிறார். அப்பா தட்டச்சு செய்து வைத்த தமிழ் ஃபைல்களும் பிள்ளைகளின் போட்டோக்களும் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

திண்டுக்கல் பக்கம் இருபது வருடமாக வீடு வீடாகப் போய் சிஸ்டம் பார்ப்பவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல சேதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சில நாள் டிஸ்ப்ளே வருகிறது, விண்டோஸ் ஏறுகிறது என்கிறீர்கள். செத்த போர்டு, அதாவது எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் மதர்போர்டு, நாள் பார்த்து உயிர்த்தெழாது. போர்டில் கோளாறு இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு மிஞ்சி நிற்கும் பெயர் அது. கடைக்காரரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. பத்து வருடம் தாண்டிய சிஸ்டத்தில் காரணம் தேட இரண்டு மணி நேரம் ஆகும், அந்த இரண்டு மணி நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. புதுசு விற்பது அவருக்கும் சுலபம், உங்களுக்கும் உடனே தீர்வு கிடைத்த மாதிரி இருக்கும்.

என் கணிப்பில் உங்களிடம் இருப்பது ஒரு பெரிய கோளாறு கிடையாது. எர்த் இல்லாத பிளக், தீர்ந்துபோன பேட்டரி, கறுத்துப்போன ரேம், களைத்துப்போன டிஸ்க் என்று நான்கு சில்லறைக் கோளாறுகள் ஒன்றுசேர்ந்து போர்டு வேஷம் போடுகின்றன. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள். ரேமைக் கழற்றித் துடைத்து, அதே கையோடு எஸ்எம்பிஎஸ்ஸையும் (கேபினட்டுக்குள் எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாற்றி, விண்டோஸையும் பார்மட் அடித்தால் சிஸ்டம் ஓடலாம். எது கோளாறு என்பது மட்டும் கடைசிவரை தெரியாது, இரண்டு மாதத்தில் அதே தொல்லை திரும்பி வந்து நிற்கும்.

எதையும் தொடுவதற்கு முன் டேட்டாவை வெளியே எடுங்கள். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் என் சொந்தத் தப்பு. ரொம்ப வருடத்துக்கு முன்னால் ஒரு டெய்லர் அண்ணன் வீட்டில் சிஸ்டம் ஸ்லோ என்று கூப்பிட்டார்கள். டிஸ்க்கில் எரர் வந்தது. நான் கெட்டிக்காரத்தனமாக செக் டிஸ்க்கை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அது மொத்த டிஸ்க்கையும் வரி வரியாகப் படிக்கும் வேலை. ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த டிஸ்க் பாதியிலேயே டிக் டிக் என்று அடித்து நின்றுவிட்டது. அதில் அவர் மகள் கல்யாண போட்டோக்கள் இருந்தன, வேறு பிரதி கிடையாது. பழுதான டிஸ்க்கைச் சரிசெய்ய முயலும் வேலை எல்லாமே அதன் மிச்ச ஆயுளைத் தின்னும். உயிர் இருக்கும்போதே நகல் எடுத்துவிட வேண்டும், சரிபார்ப்பது அப்புறம்.

சிஸ்டம் ஓடும் ஒரு நல்ல நாளில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி அப்பாவின் ஃபைல்களை முதலில் எடுங்கள். அவை சின்னவை, ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். அடுத்து போட்டோ. சினிமா, பாட்டு எல்லாம் போனால் போகட்டும். சிஸ்டம் ஓடவே இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா டு யுஎஸ்பி கன்வெர்ட்டர் மூலம் வேறொரு லேப்டாப்பில் போடலாம். அதை வாங்கும்போது தனி அடாப்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை, யுஎஸ்பி போர்ட்டில் வருவது 5 வோல்ட்தான். இது தெரியாமல் சின்ன கேபிளை வாங்கி மாட்டிவிட்டு "டிஸ்க்கும் போச்சு" என்று அழுதவர்கள் உண்டு.

இப்போது கரண்ட். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேதான் ஆரம்பிப்பேன். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று இரண்டு சின்ன கெப்பாசிட்டர்களை பாடிக்கு இணைத்திருப்பார்கள். எர்த் வயர் ஒழுங்காக இருந்தால் அதில் கசியும் துளிக் கரண்ட் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் அது போக இடமில்லாமல் கேபினட் தகரத்தில் நிற்கும். 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட் அங்கே காட்டும். கரண்டின் அளவு ரொம்பக் குறைவு என்பதால் சுர் என்பதோடு விட்டுவிடுகிறது. ஆனால் அதே பாடியில்தான் போர்டு, யுஎஸ்பி, மானிட்டர் கேபிள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பென்டிரைவ் அடிக்கடி சாகிறது, மவுஸ் தானாக நகர்கிறது என்பதற்கெல்லாம் இதைச் சந்தேகப்பட்டால் பல நேரம் சரியாகவே இருக்கும். இது எர்த் கோளாறா, உண்மையிலேயே ஷார்ட்டா என்பதைத் தொட்டுப்பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அது தெளிவாகும்வரை சிஸ்டத்தை ஓட விடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்டவே விடாதீர்கள். நகல் எடுக்கவும் எர்த் நிச்சயமாக உள்ள வேறு ரூமுக்கு, இல்லை தெரிந்தவர் வீட்டுக்கு, கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் கட்டையை எங்காவது செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள். பிறகு எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி அந்த பாயிண்ட்டில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 சொச்சம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் வர வேண்டும். பழைய வீடுகளில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். வாடகை வீட்டில் இருந்தால் ஹவுஸ் ஓனரிடம் பேசிப் பாருங்கள், எர்த் என்பது கம்ப்யூட்டருக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை, பாத்ரூம் ஹீட்டருக்கும் அதுதான் காவல்.

யுபிஎஸ் வைத்திருந்தால் அதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். வீட்டுக்கு வாங்கும் 600 விஏ பெட்டிக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. நம் ஊர் வெயிலில் அது இரண்டு மூன்று வருடம் தாங்கினால் பெரிய விஷயம். 2012 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய யுபிஎஸ்ஸை, பேட்டரி மாற்றாமலே இன்னும் கேபினட்டுக்குப் பக்கத்தில் சாமி மாதிரி வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் தினமும் சாயந்திரம் ஆறரை மணிவாக்கில் சிஸ்டம் ஆஃப் ஆகும். வைரஸ், டைமர் வைரஸ் என்று வீட்டுப் பையன் ஒரே பிடிவாதம். நான் ஒருநாள் அந்த நேரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஆறரைக்கு அந்த அம்மா தண்ணி மோட்டரைப் போட்டார், லைட் ஒரு கணம் மங்கியது, செத்த பேட்டரி யுபிஎஸ் கைவிட்டது, சிஸ்டம் ஆஃப். சோதிப்பது சுலபம். வேலையை சேவ் செய்துவிட்டு சுவர் ஸ்விட்சை அணையுங்கள். உடனே ஆஃப் ஆனால் பேட்டரி போய்விட்டது. புது பேட்டரி வரும்வரை யுபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டு நேராக எர்த் உள்ள பாயிண்ட்டில் போட்டு இரண்டு நாள் பாருங்கள். தானாக ஆஃப் ஆவது நின்றால் பாதி வழக்கு முடிந்தது.

நிற்கவில்லையென்றால் எஸ்எம்பிஎஸ் அல்லது சூடு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சூட்டினால் ஆஃப் ஆகும் சிஸ்டம் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத்தான் போகும். உடனே திரும்பப் போட்டால் முதல் தடவையைவிடச் சீக்கிரம் போகும், அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி நன்றாக ஓடும். எஸ்எம்பிஎஸ் கோளாறுக்கு இப்படி ஒழுங்கு கிடையாது. காலையில் குளிர்ந்த நிலையிலேயே போகும், சில நேரம் பட்டனை நாலு தடவை அழுத்தினால்தான் கிளம்பும். விண்டோஸ் நடப்பதை எல்லாம் குறித்துவைக்கும் ஈவண்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று ஒரு சிவப்புக் குறி இருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் பலர் பதறுவார்கள். "போன தடவை முறையாக ஷட் டவுன் ஆகவில்லை" என்பதைத் தாண்டி அது ஒன்றும் சொல்வதில்லை. யாரோ கதவைச் சாத்தாமல் போய்விட்டார்கள் என்று வாட்ச்மேன் எழுதிவைப்பது மாதிரி. போனது யார் என்று அதில் இருக்காது.

சூட்டுக்கு கேபினட்டைத் திறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். பிராசசர் மேலே இருக்கும் ஃபேனுக்கும் அதற்குக் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு தூசிப்படலம் உட்கார்ந்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது, அதனால்தான் "போன மாசம்தான் க்ளீன் பண்ணேன்" என்பவர் சிஸ்டத்திலும் இருக்கும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு பென்சிலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கண்டபடி சுழன்றால் பேரிங் போகும். வாக்குவம் க்ளீனரை உள்ளே விடாதீர்கள், அதன் முனையில் நிலைமின்சாரம் சேரும்.

இன்டெல் பெட்டியோடு வரும் அந்தக் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். போர்டில் உள்ள ஓட்டைகளில் அமுக்கினால் டக் என்று பிடிக்கும். சிஸ்டத்தைத் தூக்கி இடம் மாற்றும்போது அதில் ஒரு கால் எழும்பிவிடுவது சர்வ சாதாரணம். அப்போது ஃபேன் சுற்றும், ஆனால் தகடு பிராசசரில் சரியாக ஒட்டாது. நான்கையும் அசைத்துப் பாருங்கள். தகட்டுக்கும் பிராசசருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் பத்து வருடத்தில் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். சுரண்டித் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். நிறைய வைத்தால் நிறையக் குளிரும் என்று நினைத்து ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுவதுபோல் ஊற்றாதீர்கள். பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும், போர்டின் சொந்த செட்டிங் திரை) போனால் பிராசசர் வெப்பநிலை தெரியும். சும்மா இருக்கும்போது 40, 50 என்றால் கவலையில்லை. ஏறிக்கொண்டே போய் 90ஐத் தொட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை. நூறை நெருங்கும்போது பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். உங்கள் ஸ்லோவில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மல்டிமீட்டர் இருந்தால் போதும். சிஸ்டம் ஓடும்போது சும்மா தொங்கும் ஒரு நாலு பின் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே வையுங்கள். 11.4 முதல் 12.6 வரை இருக்க வேண்டும். சிவப்புக்கும் கறுப்புக்கும் 4.75 முதல் 5.25. பச்சை வயரையும் கறுப்பையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் பழைய வித்தை ஒன்று உண்டு. எஸ்எம்பிஎஸ் கிளம்புகிறதா என்பது மட்டும்தான் அதில் தெரியும், பாரம் தாங்குமா என்பது தெரியாது. வெறும் கையோடு நடப்பவன் மூட்டையோடு நடப்பானா என்பது வேறு கேள்வி இல்லையா? எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். திறந்தால் வறுபட்ட பல்லி ஒன்றைப் பார்ப்பீர்கள் என்பது தவிர வேறு லாபம் இல்லை. சிரிக்காதீர்கள், பின்பக்க ஓட்டை வழியாகச் சூடு தேடிப் போகும் பல்லியால் செத்த எஸ்எம்பிஎஸ்ஸை நானே எண்ணிக்கை மறந்த அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, தேதி 2013க்குப் போவது. போர்டில் காசு மாதிரி ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் பல தளங்களை "பாதுகாப்பில்லை" என்று திறக்க மறுக்கும். சான்றிதழின் காலத்தை உங்கள் கடிகாரத்தோடுதான் அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை போட்டவர்களில் நாலு பேருக்கு நான் வெறும் பேட்டரி மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

இதில் ஒரு குழி இருக்கிறது, நிறையப் பேர் விழுவார்கள். பேட்டரி தீர்ந்தால் தேதியோடு சேர்த்து பயாஸ் செட்டிங் எல்லாம் ஃபேக்டரி நிலைக்குப் போகும். டிஸ்க்கை எந்த முறையில் பேசவைப்பது என்று அங்கே ஒரு வரி இருக்கும்: ஏஹெச்சிஐ அல்லது ஐடிஇ. விண்டோஸ் போட்டபோது ஒன்று இருந்து, இப்போது இன்னொன்றுக்கு மாறியிருந்தால், பூட் ஆகும்போதே "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத்திரை வரும். யூஇஎஃப்ஐ, லெகசி என்ற பூட் முறை மாறினால் "பூட் டிவைஸ் இல்லை" என்று கறுப்புத் திரை. பார்த்தவுடன் "விண்டோஸ் கரப்ட்" என்று பார்மட் அடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியைத் திருப்பி மாற்றினால் எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். பேட்டரி மாற்றும் முன் பயாஸ் திரைகளை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் சுற்றி டிஸ்ப்ளே வராத நாளைக்கு வருவோம். இங்கேதான் போர்டுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். முதலில் மானிட்டர் கேபிளைத் திருகி மாட்டுங்கள், முடிந்தால் வேறு கேபிள் போடுங்கள். போர்டில் பிராசசருக்குப் பக்கத்தில் நாலு பின்னோ எட்டுப் பின்னோ உள்ள தனி பவர் கனெக்டர் ஒன்று உண்டு. அது தளர்ந்திருந்தால் ஃபேனெல்லாம் ஜோராகச் சுற்றும், பிராசசர் மட்டும் பட்டினி. அதையும் அழுத்திவிடுங்கள்.

பிறகு ரேம். பவரை முழுக்க எடுத்துவிட்டு இரண்டு பக்கக் கொக்கியையும் விரித்து ரேமை எடுங்கள். கீழ்விளிம்பில் தங்க நிறக் கோடுகள் இருக்கும். மழைக்காலத்து ஈரத்தில் அவை மங்கிக் கறுத்திருக்கும், ஸ்லாட்டில் சரியாகத் தொடாது. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதா ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், அந்தத் தங்கப்பூச்சு மிக மெல்லியது. கொக்கி தானாக எழுந்து டக் என்று பிடிக்கும்வரை அழுத்த வேண்டும். பயந்து பயந்து அழுத்தி ஒருபக்கம் அரைகுறையாக நிற்பதுதான் அதிகம் நடக்கும் தப்பு. ஒரு ஸ்லாட்டில் ஓடவில்லையென்றால் அடுத்ததில் போட்டுப் பாருங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் இந்தச் சோதனை, போர்டுக்கு வக்கீல் வைப்பது மாதிரி. போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதிய இடத்தில் மாட்ட ஒரு சின்ன பஸ்ஸர் கிடைக்கும், பத்திருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். இப்போதைய கேபினட்டுகளில் அது வருவதே இல்லை, அதனால்தான் எல்லா சிஸ்டமும் ஊமையாகச் சாகின்றன. அதை மாட்டிவிட்டு, ரேமை முழுதாக எடுத்துவிட்டுப் பவரைப் போடுங்கள். பீப் பீப் என்று கத்தினால் சந்தோஷப்படுங்கள். "ரேம் எங்கே?" என்று கேட்க வேண்டுமென்றால் பிராசசர் பயாஸ் சிப்பிலிருந்து கட்டளைகளைப் படித்து ஓட்டியாக வேண்டும். அப்படியானால் எஸ்எம்பிஎஸ் கரண்ட் தருகிறது, பிராசசர் உயிரோடு இருக்கிறது, போர்டின் பெரும்பகுதியும் வேலை செய்கிறது. அப்போது ரேமையோ, ரேம் ஸ்லாட்டையோதான் தேட வேண்டும். ரேம் இல்லாமலும் சத்தமே வரவில்லையென்றால், சந்தேகம் எஸ்எம்பிஎஸ், பிராசசர், போர்டு என்ற மூன்றுக்குள் சுருங்கும். அதில் தெரிந்தவர் ஒருவரின் எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் செலவில்லாதது. பீப் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நீளம் ஒன்று குட்டை இரண்டு என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் போர்டின் மாடல் பெயரோடு தேடினால் கிடைக்கும்.

இனி ஸ்லோ. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கிறது, சிபியு பத்துதான் என்றால் உங்கள் பிராசசர்மேல் பழி இல்லை. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி விநாடிக்கு மேல் எடுக்கும். தேடிப்போகும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களில் விநாடிக்கு நூறுக்கு உள்ளேதான் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் 10 பின்னணியில் கேட்பதோ ஆயிரக்கணக்கில். சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க்குக்கு அது பெரிய விஷயமே இல்லை, பல்லாயிரம் முடியும். பழைய சிஸ்டத்துக்குச் செலவழிக்கத் தகுந்த ஒரே பொருள் என்று என்னைக் கேட்டால் 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி என்பேன். அடுத்துத்தான் ரேமை எட்டு ஆக்குவது. உங்கள் போர்டு எச்81 சிப்செட்டாக இருந்தால் நாலு சாட்டா போர்ட்டில் இரண்டுதான் 6 ஜிபிட் வேகம், மற்ற இரண்டும் 3. எஸ்எஸ்டியை வேகமான போர்ட்டில் மாட்டச் சொல்லுங்கள், கடையில் கைக்கு எட்டிய போர்ட்டில் மாட்டிவிடுவார்கள்.

அதற்கு முன் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் 05, சி5, சி7 என்ற மூன்று வரிகளை மட்டும் பார்த்தால் போதும். 05 என்பது கெட்டுப்போய் ஒதுக்கிவைத்த இடங்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்கள். இவை பூஜ்யத்தைத் தாண்டி வாரா வாரம் கூடினால் டிஸ்க் விடைபெறுகிறது என்று அர்த்தம். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டாம், சாட்டா கேபிள்தான் கோளாறு. கேபிளை மாற்றியும் ஏறுகிறதா என்று பாருங்கள். பழைய எண்ணிக்கை குறையாது, கூடாமல் நின்றால் சரி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் கிடையாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற பெயரில் விண்டோஸின் உட்கருவான கெர்னலை டிஸ்க்கில் உறையவைத்து, மறுநாள் அதையே எழுப்பும். நேற்றைய கோளாறு இன்றும் அப்படியே எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் முழுதாகத் துடைத்துவிட்டுத் தொடங்குவது. பிரிண்டர் காணோம், சவுண்டு வரவில்லை, வைஃபை பிடிக்கவில்லை என்று வரும் போன்களில் பாதிக்கு நான் சொல்லும் வைத்தியம் இதுதான், காசு வாங்குவதில்லை.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறார்கள், உங்கள் நான்காம் தலைமுறை தேறாது. குறுக்குவழியில் ஏற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஏறும்தான். ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியாது. அதைவிட மோசம், ஆக்டிவேட் செய்வதற்கென்று பென்டிரைவில் கொண்டுவரும் அந்தக் குட்டி மென்பொருள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடச் சொல்வார்கள். வீட்டு நாயைக் கட்டிப்போடச் சொல்லும் விருந்தாளியை நீங்கள் உள்ளே விடுவீர்களா? நெட்டும் யூடியூபும் பிள்ளைகள் படிப்பும்தான் வேலை என்றால் எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போடுங்கள். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துப் பிடித்த பிறகு ஏற்றலாம், தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. பேங்க் வேலை, டேலி போன்றவை இருந்தால் மட்டும் புது சிஸ்டத்தைப் பற்றி யோசியுங்கள்.

அப்பாவின் ஃபைல்களுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் டிஸ்க்கிலிருந்து எடுத்தும் அவற்றை இழக்கலாம். அவர் பல வருடமாகத் தட்டச்சு செய்பவர் என்றால் இப்போது எல்லா சிஸ்டத்திலும் தெரியும் யூனிகோடில் இல்லாமல் பாமினி, வானவில் மாதிரி ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஃபைலுக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. புது சிஸ்டத்தில் அந்த எழுத்துரு இல்லையென்றால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக் குப்பை தெரியும். வைரஸ் தின்றுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, பார்மட்டுக்கு முன் அதையும் முழுசாக நகலெடுங்கள். அப்பா இப்போதும் அடிக்கிறார் என்றால் எந்த எழுத்துரு, எந்தக் கீபோர்டு மென்பொருள் என்று அவரிடமே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சாவகாசமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம், இலவச மாற்றிகள் நிறைய உண்டு.

இவ்வளவும் செய்தும் கிளம்பவில்லையென்றால், டார்ச் அடித்து போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் குட்டி டப்பா கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி மாதிரி உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அப்போது போர்டு என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போங்கள், ஆனால் இந்தத் தடவை ஒன்று கேளுங்கள்: "அண்ணே, எந்தப் பொருளை மாற்றிப் போட்டுப் பார்த்துட்டு போர்டுன்னு சொன்னீங்க?" ரேமை மாற்றினேன், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன் என்று அவர் வரிசையாகச் சொன்னால், அவரிடமே உங்கள் பிராசசர் உட்காரும் 1150 சாக்கெட் உள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் போர்டு கிடைக்குமா என்று விசாரியுங்கள். பிராசசரையும் ரேமையும் அதிலேயே மாட்டிக்கொள்ளலாம். "பார்த்தாலே தெரியும் சார்" என்றால் கேபினட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.